புள்ளியும் நட்சத்திரமும்

கைபேசி சொல்லும் வானிலையைக் கஸ்பர் நம்புவதில்லை. அதைச் சொல்கிறவன் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தானா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பார்க்காமல் சொல்கிறவன் பொய்யன். முடிந்தது கதை. இன்று வந்த மீன் என்று கடைக்காரன் சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிரஷர் சரி என்று டொக்டர் சொன்னால் மெஷின் சரியா என்று கேட்பார். பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போன மனிதர். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் அந்தக் குணம் போகவில்லை. போக வேண்டிய தேவையும் வரவில்லை.

அப்படிப்பட்டவரின் கையில்தான் குட்மேய்ஸ் தோட்டக்காரர்களின் மழைப் புத்தகம் வந்து சேர்ந்தது.

கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுகள் அங்கே ஒரு அறுபது இருக்கும். அதில் ஒன்று கஸ்பருடையது. கேற்றுக்குப் பக்கத்தில், புல்லுக்குள் ஒரு செப்பு மழைமானி பதித்திருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அதற்குள் இருக்கும் போத்தலை எடுத்து, தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுத வேண்டும். முப்பது வருடம் ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். அவர் கடற்கரைப் பக்கம் குடிபோனதும், தோட்டச் சங்கத்தின் செயலாளர் பாஸ்கரன் கஸ்பரைத் தேடி வந்தார். பாஸ்கரன் திருச்சிக்காரர், ஐம்பதைத் தாண்டிய இன்ஜினியர்.

“அய்யா, மழையோ வெயிலோ தினம் வர்றது நீங்க ஒருத்தர்தான். இதை நீங்களே எழுதிடுங்களேன்.”

“எனக்கு இங்கிலீஷ் எழுத வராது தம்பி.”

“இங்கிலீஷே வேணாம்யா. மழைன்னா ஒரு புள்ளி. ஸ்நோன்னா ஒரு நட்சத்திரம். ரெண்டும் கலந்து விழுந்தா, அதான் இந்த ஸ்லீட், புள்ளியும் நட்சத்திரமும் ஒண்ணு மேல ஒண்ணு. ஆலங்கட்டின்னா முக்கோணம். உலகம் பூரா இதே அடையாளம்தான்.”

“ரஷ்யாக்காரனுமோ?”

“அவனும்தான்.”

கஸ்பருக்கு அது பிடித்துப்போயிற்று. படித்தவனும் படியாதவனும் ஒரே மாதிரிப் புள்ளி வைக்கிற வேலை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? ஆனால் ஒப்புக்கொண்ட அன்றைக்கே சண்டையும் வந்தது. காலை ஒன்பது மணிக்கு அளக்கிற தண்ணீரை முந்தின நாள் திகதியில் எழுத வேண்டுமாம்.

“ஏன்?”

“பெரும்பாலும் அது முந்தின நாள் விழுந்ததுதானேய்யா.”

“இண்டைக்கு விடிய எட்டரைக்கு விழுந்ததெண்டால்?”

“அதுவும் நேத்துக் கணக்குல போயிடும். விதி அப்படி.”

“உது பொய்ச்சாட்சி தம்பி.”

பாஸ்கரன் சிரித்துவிட்டார். அதற்காகக் கஸ்பர் அவரோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. பிறகு எழுதினார், ஒவ்வொரு காலையும் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அவருக்கு ஆறுதலாக இருந்தது பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டம். என்ன விழுந்தது என்று அடையாளம் போடுகிற கட்டம். அது நள்ளிரவு தொடங்கி அடுத்த நள்ளிரவு வரைக்கும். இன்று கண்டதை இன்றைக்கே போடலாம். “அந்தப் புத்தகத்திலை உந்தக் கட்டத்துக்குள்ள மட்டும்தான் உண்மை கிடக்கு” என்று மனைவி இசபெல்லிடம் சொல்வார்.

அந்தக் கட்டத்துக்காக அவர் ஒரு முறையும் கண்டுபிடித்து வைத்திருந்தார். கறுத்தக் கோட்டின் கையை நீட்டுவார். விழுந்தது அந்தக் கணமே தண்ணீராக இருந்தால் மழை. வெள்ளையாக விழுந்து, ஒண்டு, ரெண்டு என்று எண்ணும்வரை இருந்து பிறகு கரைந்தால் அது பனி. இரண்டும் வந்தால் ஸ்லீட். துள்ளிக்கொண்டு கீழே ஓடினால் ஆலங்கட்டி. போத்தலுக்குள் பனி உறைந்து கிடந்தால், அளந்த சுடுதண்ணீர் விட்டு உருக்கி, விட்டதைக் கழித்து எழுதலாம் என்று பாஸ்கரன் சொல்லியிருந்தார். நான் ஊற்றிய தண்ணீரை வானம் தந்தது என்று எழுதுவதா? கஸ்பர் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய், அது தானாக உருகும்வரை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருப்பார். “டினேஷைக்கூட இவ்வளவு நேரம் மடியிலை வைச்சிருக்கேல்லை” என்பாள் இசபெல்.

டினேஷ் ஒரே மகன். அவனுடைய மனைவி றொசானா. சிக்கல் முழுவதும் றொசானாவின் தகப்பன் கொட்வினால் வந்தது.

கொட்வின் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், டூட்டிங்கில் இருக்கிறார். நான்கு வருடத்துக்கு முன் கல்யாணம் நன்றாகவே முடிந்தது. முடிந்த நாலாம் நாள் பெண் வீட்டில் விருந்து. கொட்வினுக்கு அந்தக் கிழமை அடுக்கடுக்காக ஷிப்ட். போனில் கூப்பிட்டு, “அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திடுங்கோ” என்றார். கஸ்பர் போகவில்லை. சம்பந்தி வீட்டுக்காரரை நேரில் வந்து வாசலில் நின்று கூப்பிட வேண்டும். போனில் கூப்பிடுவதற்கு நான் என்ன பீட்ஸாக்காரனா என்று கேட்டார். அது கொட்வினின் காதுக்குப் போயிற்று. பன்னிரண்டு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்த மனிதருக்குக் கோபம் வராதா? “என்ர வீட்டுக்கு வராத ஆளின்ர வீட்டுப் படியிலை நான் கால் வைக்க மாட்டன்” என்றார். முதலில் அவன் வரட்டும் என்று இவர் இருந்தார். முதலில் கஸ்பர் வரட்டும் என்று கொட்வின் இருந்தார். கோயில் திருநாளில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து ஒரே பாட்டைப் பாடுவார்கள். வீட்டுக்குப் போவதில்லை.

நவம்பர் மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து றொசானா பேச்சைத் தொடங்கினாள். அவளுக்கு ஆறு மாதம்.

“மாமா, இந்த நத்தாருக்கு ரெண்டு வீடும் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுறது. இல்லாட்டி பிள்ளைக்கு ஞானஸ்நானத்தையும் ரெண்டாக் குடுப்பம். டூட்டிங்கிலை ஒண்டு, குட்மேய்ஸிலை ஒண்டு.”

“உங்கட அப்பாவை வரச் சொல்லு. நான் வேண்டாம் எண்டனானோ?”

“அவரும் உதைத்தான் சொல்லுறார்.” றொசானா கறியைப் பரிமாறிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். “மழைப் புத்தகம் பொய் சொல்லாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். அது சொல்லட்டும். நத்தார் அண்டைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள உங்கட புத்தகத்திலை நட்சத்திரம் விழுந்தால் நீங்கள் டூட்டிங் போறது. விழாட்டி அப்பா இஞ்சை வாறது.”

கஸ்பர் எழுந்துபோய்ப் பழைய புத்தகங்களை எடுத்துவந்து புரட்டினார். முப்பது வருடத்தில் டிசம்பர் இருபத்தைந்தில் நட்சத்திரம் விழுந்தது இரண்டே இரண்டு தடவை. நல்லது. ஆனால் புரட்டும்போது கண்ணில் இன்னொன்றும் பட்டது. இருபத்துநாலு, இருபத்தைந்து, இருபத்தாறு, மூன்று நாளும் வருடா வருடம் ஒரே மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு.

“கள்ளன்” என்றார் கஸ்பர். “உந்த மனுசன் நத்தாருக்குத் தோட்டத்துப் பக்கமே போகேல்லை. பேந்து வந்து இருந்து மூண்டு புள்ளி வைச்சிருக்கிறான்.”

“சம்மதமோ இல்லையோ மாமா?”

“சம்மதம்.”

கொட்வினும் சம்மதித்தாராம். டிசம்பர் நடுவில் பாஸ்கரன் திருச்சிக்குப் புறப்படுமுன் கஸ்பர் அவரைக் கேற்றில் மறித்தார்.

“தம்பி, ஸ்லீட்டையும் ஸ்நோ எண்டோ எடுக்கிறது?”

“ஆமாய்யா. அந்தக் கட்டத்துல ரெண்டுக்கும் ஒரே மதிப்பு. ஒரே ஒரு துகள் கண்ணுல பட்டாலும் போதும்.”

“வலையிலை ஒரு மீன் விழுந்தால் நல்ல மீன்பாடு எண்டு சொல்லுவியளோ?”

“மீனுக்கு விதி வேறய்யா” என்றார் பாஸ்கரன். கஸ்பருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நத்தார் காலையில் குளிர் காதைக் கடித்தது, மழையும் பெய்தது. முதல் நாள் மாலையே பூசைக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள். இசபெல் விடிய ஐந்து மணிக்கே எழுந்து ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டாள். கொட்வின் வீட்டார் வரப்போகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கஸ்பர் புறப்பட்டபோது, “பன்னிரண்டு மணிக்குச் சனம் வரும். உந்தப் பழைய ஜக்கெற்றோடை வந்து நிக்காதேங்கோ” என்று மகன் கல்யாணத்துக்குத் தைத்த கறுத்தக் கோட்டை மாட்டிவிட்டாள்.

“சேறாகும்.”

“ஆகட்டும். நான் தோய்க்கிறன்.”

பஸ் இல்லை, ரயில் இல்லை, தெருவில் ஆளில்லை. தோட்டத்தில் நரிகூட இல்லை. கஸ்பர் கேற்றைத் திறந்து மழைமானிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. குடையைச் சுருக்கினார். முகத்தில் விழுந்த மழையில் ஏதோ ஒரு வித்தியாசம். பாரம் குறைந்தது ஒன்று இடைக்கிடை வந்து மூக்கில் பட்டது.

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் கையை நீட்டினார்.

கல்யாணக் கோட்டின் கறுப்பில் புள்ளி புள்ளியாகத் தண்ணீர். பிறகு வெள்ளையாக ஒன்று. ஒண்டு, ரெண்டு. கரைந்தது. இன்னொன்று, ஓரத்தில் நார்நாராக. ஒண்டு, ரெண்டு. கரைந்தது. கஸ்பருக்கு இடது கண்ணில் கற்றராக்ட் வெட்டி எட்டு மாதம்தான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலதால் பார்த்தார். வெள்ளைதான். வலதைப் பொத்திக்கொண்டு இடதால் பார்த்தார். அதே வெள்ளை, இன்னும் தெளிவாக.

“சனியன்” என்றார். நத்தார் நாள் என்பது ஞாபகம் வந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு முன்னமே அது நின்றுபோய் வெறும் மழையாகிவிட்டது. போத்தலை எடுத்து அளந்தார். ஒன்று தசம் எட்டு மில்லிமீற்றர். விதிப்படி இது முழுவதும் நேற்றைய திகதியில் போக வேண்டிய தண்ணீர். அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. தண்ணீர் நேற்றையது என்றால் அதோடு விழுந்த வெள்ளையும் நேற்றையதுதானே? நட்சத்திரத்தை இருபத்துநாலில் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று வருடமாகப் பொய்ச்சாட்சி என்று அவர் திட்டிய விதி, இன்று வந்து அவருடைய தோளில் கையைப் போட்டது.

தன் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போய்ப் புத்தகத்தை விரித்தார். மழையில் மை பரவும் என்பதால் அவர் பென்சிலால்தான் எழுதுவது. பென்சிலின் பின்பக்கம் அழிறப்பர் இருந்தது. அதையும் பார்த்தார்.

போடாமலே விடலாம். கைபேசி மழை என்றுதான் சொல்லும். பாஸ்கரன் திருச்சியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கண்டது நான் ஒருவன். பன்னிரண்டு மணிக்குக் கொட்வின் வந்து என் வாசலில் நிற்பான். நான்கு வருடத்துக்குப் பிறகு, அவன்தான் முதலில் வந்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். நினைக்கவே தேன் மாதிரி இருந்தது.

ஆனால் பக்கத்தைப் புரட்டும்போது அந்த வெள்ளைக்காரரின் மூன்று புள்ளிகள் கண்ணுக்குள் வந்தன. ஒரே மை, ஒரே சாய்வு. அந்த ஆளையாவது குளிருக்குப் பயந்து வராத சோம்பேறி என்று சொல்லலாம். அவர் காணாமல் எழுதினார். கண்டுவிட்டு எழுதாதவனுக்கு என்ன பெயர்? அந்தப் பெயரைக் கஸ்பர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். சரியில்லை.

தண்ணீரை இருபத்துநாலில் எழுதினார். விதி விதிதான். இருபத்தைந்தின் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு, நட்சத்திரத்தின் மூன்று கோடுகளையும் இழுத்தார். கடைசிக் கோட்டில் பென்சில் கூர் முறிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

“நான் ஜன்னலாலை பாத்துக்கொண்டுதானே நிண்டனான் மாமா. வெறும் மழை” என்றாள் றொசானா.

“போனிலையும் மழை எண்டுதான் கிடக்கு அப்பா” என்றான் டினேஷ்.

“போன் தலையை வெளியிலை நீட்டினதோ? நான் நீட்டினனான். காரை எடு.”

இசபெல் அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். “பத்துப் பேருக்குச் சமைச்சு வைச்சிருக்கிறன். இப்ப போறதெண்டால் உதையெல்லாம் என்ன செய்யிறது?”

“சட்டியோடை கொண்டு போவம்.”

“நாலு வருசமா ஆணி அடிச்ச கதிரை மாதிரி நிண்டியள். இண்டைக்கு என்ர ஆட்டுக்கறி வேகமுந்திப் புறப்படுறியள்” என்று திட்டிக்கொண்டே சட்டிக்குத் துணி கட்டினாள். ஆனால் திட்டும்போதே மறுகையால் தலையைக் கோதிச் சரிசெய்ததைக் கஸ்பர் கண்டார்.

புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். வெறிச்சோடிய லண்டனை டினேஷ் ஐம்பது நிமிடத்தில் கடந்தான். டூட்டிங்கில் கொட்வின் வீட்டு வாசலில் கார் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கஸ்பர் இறங்கவில்லை.

“என்னப்பா?”

“புத்தகம் வரச் சொன்னது, வந்திட்டன். வீட்டுக்குள்ள போறதெண்டால் வீட்டுக்காரன் வந்து கூப்பிட வேணும்.”

றொசானா தலையில் கையை வைத்தாள். இசபெல் சட்டியோடு மழையில் நின்றாள். கதவு திறந்தது. கொட்வின் குடையில்லாமல் வெளியே வந்தார். கட்டையான, வழுக்கைத் தலை மனிதர். மழை அந்த வழுக்கையில் தெறித்தது. நேராகக் காரின் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். கஸ்பர் கண்ணாடியை இறக்கினார்.

“கஸ்பரண்ணை. உள்ளை வாங்கோ.”

“போனிலையும் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருப்பன். பேந்து நீங்கள் இன்னும் நாலு வருசம் காருக்குள்ள இருப்பியள்.”

கஸ்பர் இறங்கினார். உள்ளே நண்டுக்கறி வாசனை நிறைந்திருந்தது. கொட்வினின் மனைவி இம்மாகுலேற் இசபெல்லின் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டு, “வாங்கோ மச்சாள், வாங்கோ” என்று அவளைக் கட்டிப்பிடித்தாள். கஸ்பர் நிற்கிற நிலையிலேயே பையை அவிழ்த்துப் புத்தகத்தை நீட்டினார். கொட்வின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“உது நீங்கள் எழுதினது.”

“ஓம்.”

“பென்சிலாலை.”

“ஓம்.”

“வேறை ஆரும் காணேல்லை.”

“நான் கண்டனான். ரெண்டு கண்ணாலையும் தனித்தனியாக் கண்டனான்.”

கொட்வினின் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது. “இஞ்சை விடியத் தொடங்கி வெறும் மழை. அண்ணை, வர விருப்பமெண்டால் வந்திருக்கலாம்தானே. வானத்தை ஏன் சாட்டுறியள்?”

கஸ்பருக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. உண்மையை எழுதித் தோற்றுப்போய் வந்து நிற்கிறவனைப் பார்த்து, வருவதற்காகப் பொய் எழுதினாய் என்கிறான். “டினேஷ், காரைத் திருப்பு” என்று சொல்ல வாயைத் திறந்தவர் கீழே பார்த்தார். கொட்வினின் கால்களில் புதுச் சப்பாத்து. லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது. வீட்டுக்குள், கம்பளத்தின் மேல்.

“உதென்ன, வீட்டுக்குள்ள சப்பாத்தோடை?”

இம்மாகுலேற்தான் உள்ளேயிருந்து சொன்னாள். “விடிய எட்டு மணிக்கே போட்டிட்டார் அண்ணை. மழைதான், நாங்கள்தான் போக வேணும், கெதியா வெளிக்கிடு எண்டு என்னையும் நிக்கவிடேல்லை. என்ர நண்டைப் பாதியிலை இறக்கச் சொன்னவர்.”

இரண்டு ஆண்களும் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

“கழட்டுங்கோ” என்றார் கஸ்பர். “கம்பளம் பழுதாப் போகும்.”

சாப்பாடு மூன்று மணிவரை போயிற்று. ஆட்டுக்கறியும் நண்டுக்கறியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கவில்லை. ஆளுக்குக் கேக்குத் துண்டு வைத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்தார். “இவர் என்ர சம்பந்தி. ஸ்நோ பெய்ததெண்டு சொல்லித்தான் வந்தவர்” என்றார் கொட்வின். “கண்டனான்” என்றார் கஸ்பர், நண்டுக்காலைக் கடித்தபடி. பிறகு கொட்வினின் தம்பி போனில் வந்தார். அவருக்கும் அதே கதை. “கண்டனான்” என்றார் கஸ்பர், போனில் கேட்கும்படி உரத்து.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன், வெளிச்சம் மங்கும் நேரத்தில், ஜன்னலடியில் நின்ற கொட்வின் திடீரென்று திரும்பினார்.

“அண்ணை, இஞ்சை வாங்கோ. லைற்றுக்குக் கீழ வெள்ளையா விழுகிற மாதிரிக் கிடக்கு.”

இருவரும் வாசலுக்குப் போனார்கள். கதவை அகலத் திறந்தார்கள். தெருவிளக்கின் அடியில் உண்மையாகவே ஏதோ மினுங்கியது. அது பனியாக இருந்தால் போதும். காலையில் எழுதியது பொய்யில்லை என்று கொட்வினே வாயால் சொல்லுவார். கொட்வின் அதைச் சொல்லத் தயாராகவும் நின்றார். கஸ்பர் கல்யாணக் கோட்டின் கையை மழைக்குள் நீட்டினார். கொட்வினும் தன் கையை அதற்குப் பக்கத்தில் நீட்டினார்.

“எண்ணுங்கோ” என்றார் கஸ்பர்.

“ஒண்டு...”

இரண்டு வரவில்லை. துணியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. இன்னும் பத்து, பதினைந்து துளிகளை இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“அந்தா, உது வெள்ளைதானே அண்ணை? உந்த ஓரத்திலை?”

“இல்லை. லைற் வெளிச்சம் பட்டது.”

“ஸ்லீட் எண்டு போடேலாதோ?”

“மழை” என்றார் கஸ்பர். “இது மழைதான்.”

கொட்வின் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, “அப்ப காலமை கண்டது உண்மைதான்” என்றார்.

“கதவைச் சாத்துங்கோ இரண்டு பேரும்! வீட்டுச் சூடெல்லாம் ரோட்டுக்குப் போகுது” என்று உள்ளேயிருந்து இம்மாகுலேற் கத்தினாள். கொட்வின் கதவைச் சாத்தினார். கஸ்பர் நனைந்த கையை உதறிவிட்டு, மிச்சம் இருந்த நண்டைப் பார்க்கப் போனார்.